ஒரு வாளி வெந்நீர் என்ன விலை? - ஓசூர் குளிரும் 500 யூனிட் கணக்கும்!

ஓசூரில் கார்த்திகை பிறந்துவிட்டால் குளியலறையில் இரண்டு சத்தங்கள் கேட்கும். ஒன்று, கெய்சர் ஸ்விட்ச் போடும் 'டக்'. இன்னொன்று, 'போதும் போதும், ஆஃப் பண்ணு, பில் எகிறிடும்' என்கிற குரல். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் ஊர் என்பதால் வெந்நீர், வேடி நீள்ளு, பிசி நீரு என்று பெயர்தான் மாறும்; பயம் ஒன்றே.

அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறதா என்று பார்த்தால், ஒரு விநோதம் தெரியவருகிறது. அதே அளவு வாளி, அதே சூடு. ஒரு வீட்டில் அந்த வாளியின் விலை 2 ரூபாய் சொச்சம். பக்கத்து வீட்டில் நாலரை ரூபாய். ஜூஜூவாடி சோதனைச்சாவடியைத் தாண்டி, கர்நாடகத்தின் அத்திப்பள்ளிக்குப் போனால் பல வீடுகளில் அதன் விலை பூஜ்யம். விலையைத் தீர்மானிப்பது தண்ணீரோ கெய்சரோ இல்லை. அந்த வீட்டு மீட்டர் எந்த எண்ணில் நிற்கிறது, அந்த மீட்டரை எத்தனை குடும்பங்கள் பங்கு போடுகின்றன என்பதுதான்.

குளிர் ஊரின் கணக்கு

கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஓசூர். இன்னும் தெற்கே இருக்கும் தளிக்கு 'குட்டி இங்கிலாந்து' என்று பெயர். டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது உண்டு. அதே மாவட்டத்தின் தலைநகரான கிருஷ்ணகிரி சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, மலைச்சரிவுக்குக் கீழே இருக்கிறது. அங்கே வெயில்தான் பேச்சு, ஏ.சி-தான் பில்லை ஏற்றும். ஓசூர்க்காரர்களுக்கு அந்த இடத்தில் கெய்சர்.

அதிலும் இது ஷிஃப்ட் ஊர். 1970-களில் சிப்காட் வந்ததிலிருந்து அசோக் லேலண்ட், டி.வி.எஸ், டைட்டன் என்று ஆலைகள் அடுக்கடுக்காக வந்தன. சமீப ஆண்டுகளில் மின்சார ஸ்கூட்டர்களும் செல்போன் பாகங்களும் சேர்ந்துகொண்டன. காலை 6 மணி ஷிஃப்டுக்கு 4 மணிக்கே எழுந்து குளிக்க வேண்டும். மொட்டைமாடி டேங்கில் இரவெல்லாம் குளிர்ந்த தண்ணீர் குழாயில் வரும்போது, 'பச்சைத்தண்ணியிலேயே குளிச்சுப் பழகு' என்ற அறிவுரையெல்லாம் செல்லாது.

சரி, ஒரு வாளிக்கு எவ்வளவு மின்சாரம்? பள்ளிக்கூட இயற்பியல்தான். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோகலோரி வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 860 கிலோகலோரி. 20 லிட்டர் வாளித் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர 400 கிலோகலோரி. அதாவது, அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. டேங்கிலும் குழாயிலும் வீணாகும் சூட்டையும் சேர்த்து அரை யூனிட் என்றே வைத்துக்கொள்ளலாம்.

நான்கு பேர் உள்ள குடும்பம், ஆளுக்கு ஒரு வாளி. நாளுக்கு 2 யூனிட். மின் கணக்கெடுப்புக்கான இரண்டு மாதத்தில் 120 யூனிட். இந்த 120-ஐ மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாளிக்குப் பதில் ஷவர் என்றால் கணக்கு மாறும். நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டும் ஷவரில் 10 நிமிடம் நின்றால் 80 லிட்டர்; அது நான்கு வாளி. ஒருவரே வீட்டில் எல்லோருக்குமான வெந்நீரைத் தீர்த்துவிட்டு வந்துவிடலாம்.

ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய்

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில் திருத்தப்பட்ட கட்டணப்படி, இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. மொத்தம் 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு பில் 1,805 ரூபாய்.

மீட்டர் 501-ஐத் தொட்டால்? 2,048 ரூபாய் 40 காசு!

ஒரு யூனிட் கூடியதற்கு 243 ரூபாய் எப்படி ஏறியது என்று பலரும் மின்வாரிய அலுவலகத்தில் சண்டை போட்டிருப்பார்கள். மீட்டரில் கோளாறு இல்லை. 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான அந்த 2.35 ரூபாய் சலுகை பறிபோய், அதற்கும் 4.70 போட்டுவிடுவார்கள். அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50, அதையும் தாண்டினால் 11.55. படிக்கட்டு என்கிறோம், 500-க்கு அடுத்த படி மட்டும் ஏணி உயரம்.

இப்போது அந்த 120 யூனிட் வெந்நீரை இரண்டு வீடுகளில் ஊற்றிப் பார்க்கலாம்.

முதல் வீட்டில் ஃபேன், லைட், டி.வி, சின்ன ஃபிரிட்ஜ். இரண்டு மாதத்துக்கு 180 யூனிட், பில் 188 ரூபாய். வெந்நீர் சேர்ந்தால் 300 யூனிட், 705 ரூபாய். வெந்நீருக்கு மட்டும் 517 ரூபாய். 240 வாளிகளால் வகுத்தால் ஒரு வாளி 2 ரூபாய் 15 காசு.

இரண்டாவது வீட்டில் வாஷிங் மெஷின், பெரிய ஃபிரிட்ஜ், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஐ.டி மருமகள். வெந்நீர் இல்லாமலே 420 யூனிட், பில் 1,301 ரூபாய். வெந்நீர் சேர்ந்தால் 540 யூனிட், 2,376 ரூபாய். அதே 240 வாளிக்கு 1,075 ரூபாய். வாளிக்கு 4 ரூபாய் 48 காசு.

வசதியான வீடு கூடக் கொடுக்கட்டுமே, அதில் என்ன தவறு என்று கேட்கலாம். படிநிலைக் கட்டணத்தின் நோக்கமே அதுதான். ஆனால், அந்த நோக்கம் தலைகீழாகும் இடம் ஒன்று இருக்கிறது. தொழில் நகரங்களில் அது சாதாரணம்.

மூன்று குடும்பம், ஒரு மீட்டர்

ஆலைகளைச் சுற்றியுள்ள பகுதிகளில் ஒரே கட்டடத்தில் அடுக்கடுக்காக 'போர்ஷன்'கள். பல இடங்களில் ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மின் இணைப்பு இருக்கும். சில இடங்களில் மொத்தக் கட்டடத்துக்கும் ஓர் இணைப்பு. உள்ளே வீட்டு உரிமையாளர் மாட்டிய சப்-மீட்டர்கள்.

மூன்று குடும்பங்கள், ஆளுக்கு 200 யூனிட் என்று வைப்போம். தனித்தனி இணைப்பு இருந்தால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பில் 235 ரூபாய். மூன்றும் ஒரே இணைப்பில் ஓடினால் மொத்தம் 600 யூனிட், பில் 2,880 ரூபாய். சரிபாதியாகப் பிரித்தாலும் குடும்பத்துக்கு 960. உபயோகம் ஒரு யூனிட்கூட மாறவில்லை. பில் மட்டும் நான்கு மடங்கு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் கிடைத்திருக்க வேண்டிய 100 இலவச யூனிட், மூன்றாகக் கிழிந்து ஆளுக்கு 33 ஆகிவிடுகிறது. சலுகை விலையான 2.35 அடியோடு காணாமல் போகிறது.

'யூனிட்டுக்கு 8 ரூபாய்' என்று வீட்டுக்காரர் ஒரே விலையாகப் பேசியிருந்தால் 200 யூனிட்டுக்கு 1,600 ரூபாய். அங்கே ஒரு வாளி வெந்நீர் 4 ரூபாய். வாஷிங் மெஷின்கூட இல்லாத போர்ஷனில், ஐ.டி மருமகள் இருக்கும் வீட்டுக்குச் சமமான விலை. இலவச யூனிட்டும் இல்லை, படிச் சலுகையும் இல்லை. குறைவாகச் செலவு செய்தால் குறைந்த விலை என்ற விதி அந்த வாசலைத் தாண்டி உள்ளே வருவதே இல்லை.

நான்கைந்து பேர் சேர்ந்து அறை எடுத்துத் தங்கும் இளைஞர்களுக்கும் இதே கதைதான். ஆகவே, ஓசூரில் வாடகைக்கு வீடு பார்ப்பவர்கள் அட்வான்ஸ், தண்ணீர் வசதிக்கு அடுத்தபடியாகக் கேட்க வேண்டிய கேள்வி: 'தனி ஈ.பி. மீட்டரா, சப்-மீட்டரா?' வாடகையில் 500 ரூபாய் குறைத்துக்கொண்டு மின்சாரத்தில் அதை எடுத்துவிடும் வீடுகள் உண்டு. கையெழுத்துப் போடும் முன்பு கடைசி ஈ.பி. பில்லைக் காட்டச் சொல்வதில் தவறே இல்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம்

கர்நாடகத்தில் 2023-ல் 'கிருஹ ஜோதி' திட்டம் வந்தது. மாதம் 200 யூனிட் வரை வீட்டு மின்சாரம் இலவசம். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் உண்டு. அங்கே மாதாமாதம் கணக்கெடுப்பு. 'இரண்டு மாதத்துக்கு 400 யூனிட்டா!' என்று இந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் பெருமூச்சு விடுவது இயல்பு. ஆனால் அதிலும் நுணுக்கம் இருக்கிறது. 2022-23 நிதியாண்டில் அந்த வீடு மாதம் சராசரியாக எவ்வளவு பயன்படுத்தியதோ, அதோடு 10 சதவிகிதம் சேர்த்த அளவுதான் இலவசம். மாதம் 90 யூனிட் ஓடிய வீட்டுக்கு 99 யூனிட். புதிதாக கெய்சர் வாங்கி மாட்டினால் கூடுதலுக்குக் காசு கட்ட வேண்டும். மாதப் பயன்பாடு 200-ஐத் தாண்டினால் முழு பில்லும் தலையில் விழும். நமக்கு 501 என்றால் அவர்களுக்கு 201.

பெங்களூரு வீடுகளின் மாடிகளைக் கவனித்தவர்களுக்கு இன்னொன்று தெரிந்திருக்கும். வரிசையாக சோலார் வாட்டர் ஹீட்டர்கள். கர்நாடகம் பல ஆண்டுகளுக்கு முன்பே குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட புதிய வீடுகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது. வைத்திருப்பவர்களுக்கு மின் கட்டணத்தில் சிறு தள்ளுபடியும் தந்தது. ஓசூரும் அதே பீடபூமி, அதே குளிர், அதே வெயில். 100 லிட்டர் சோலார் டேங்க் ஒன்று, தண்ணீரை 20-லிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கும் நாளில் நாலரை யூனிட்டுக்கு மேல் மிச்சம். அந்தச் சூட்டில் பாதிக்குப் பாதி பச்சைத்தண்ணீர் கலந்தால் பத்து வாளி வரும். மழை, மூட்டம் உள்ள நாளில் கெய்சர்தான் கதி என்பதையும் சொல்லிவிட வேண்டும். போர்வெல் உப்புத்தண்ணீர் உள்ள வீடுகளில் குழாய்களில் உப்பு படியும். வாங்கும் முன்பு தண்ணீரைப் பரிசோதித்துவிட்டு, அதற்கேற்ற மாடல் கேட்பது நல்லது.

இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் விஷயம் ஒன்று. மத்திய அரசின் 'பி.எம். சூர்ய கர்' திட்டம் 2024-ல் அறிவித்த 78,000 ரூபாய் வரையிலான மானியம், மின்சாரம் தயாரிக்கும் சோலார் பேனலுக்கு. வெந்நீர் போடும் சோலார் ஹீட்டருக்கு அது பொருந்தாது.

ஹாட் டப் ஆசை இருக்கிறதா?

ரிசார்ட்டுக்குப் போய் வந்ததும், 'நம்ம மாடியிலேயே ஒரு ஹாட் டப் வெச்சா என்ன?' என்று தோன்றாதவர்கள் குறைவு. ஓசூரின் வில்லா குடியிருப்புகளில் இடத்துக்குப் பஞ்சமில்லை, குளிருக்கும் பஞ்சமில்லை. நாம் பொதுவாக 'ஜக்குஸி' என்று சொல்வது ஒரு குடும்பத்தின் பெயர். இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குப் போய், பம்ப் தயாரித்துக்கொண்டிருந்த சகோதரர்கள். அவர்களில் ஒருவரின் மகனுக்குச் சிறுவயதிலேயே மூட்டுவாதம். அவனுக்கு வீட்டுத் தொட்டியிலேயே நீர்ச் சிகிச்சை தருவதற்காகச் செய்த பம்ப்தான் பிறகு ஆடம்பரப் பொருளாகிவிட்டது.

நான்கைந்து பேர் உட்காரும் தொட்டிக்கு 1,200 லிட்டர், அதாவது சுமார் 80 குடம் தண்ணீர் என்று வைப்போம். முதல் தடவை 40 டிகிரிக்குக் கொண்டுவரவே 28 யூனிட். அது பெரிய செலவு இல்லை. ஹாட் டப்பின் வழக்கம், தண்ணீரை மாற்றாமல் வாரக்கணக்கில் சூடாகவே வைத்திருப்பது. வெளியே 15 டிகிரி, உள்ளே 40 டிகிரி. யாரும் இறங்காவிட்டாலும் சூடு போய்க்கொண்டே இருக்கும். ஹீட்டர் அதை ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப் வேறு. கனமான மூடி போட்டு, நாளுக்கு 5 யூனிட்தான் ஆகிறது என்று தாராளமாகக் குறைத்தே கணக்கிட்டாலும் இரண்டு மாதத்தில் 300 யூனிட். ஏற்கெனவே 450 யூனிட் ஓடும் வீட்டில் பில் 1,490 ரூபாயிலிருந்து 4,297 ரூபாய்க்குத் தாவும். மூடியைத் திறந்தே போட்டால் இந்தக் கணக்கெல்லாம் காற்றில் போய்விடும். சூடான தண்ணீர் ஆவியாகும்போதுதான் அதிகமான வெப்பம் வெளியேறுகிறது.

ஜப்பானியர்கள் இதில் கெட்டிக்காரர்கள். வெளியே உட்கார்ந்து சோப்பு போட்டுக் குளித்துவிட்டு, பிறகுதான் வெந்நீர்த் தொட்டியில் இறங்குவார்கள். அதே தண்ணீரில் வீட்டில் உள்ள எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக ஊறுவார்கள். நடுவே மூடி போட்டுவிடுவார்கள். நம் ஊரில் மாமியார் இறங்கிய தண்ணீரில் மருமகள் இறங்குவாரா என்பது வேறு விவாதம்!

கெய்சரில் எதைப் பார்ப்பது?

'கரன்ட் மிச்சப்படுத்தும் கெய்சர்' என்று கடையில் சொன்னால் கொஞ்சம் யோசிக்கலாம். காயில் வைத்துச் சூடாக்கும் எந்த கெய்சரும் ஒரு வாளிக்கு ஏறக்குறைய ஒரே மின்சாரத்தைத்தான் எடுக்கும். 3 லிட்டர் இன்ஸ்டன்ட் ஆனாலும் 15 லிட்டர் ஸ்டோரேஜ் ஆனாலும். வித்தியாசம், டேங்கில் சும்மா இருக்கும்போது வெளியேறும் சூட்டில். நட்சத்திர ஸ்டிக்கர் சொல்வது அந்த இழப்பைத்தான். நாளுக்கு அரை யூனிட் இழப்பு உள்ள கெய்சரை 24 மணி நேரமும் ஆன் செய்தே வைத்திருந்தால், யாரும் குளிக்காமலே இரண்டு மாதத்தில் 30 யூனிட். 'அடிக்கடி ஆஃப் பண்ணிப் போட்டாதான் கரன்ட் அதிகமா இழுக்கும்' என்பது வதந்தி. 2 கிலோவாட் கெய்சர் 15 லிட்டரை 60 டிகிரிக்குக் கொண்டுவர 20 நிமிடம் சொச்சம்தான் ஆகும். குளிக்கப் போகும் முன்பு போட்டால் போதும். காற்றிலிருந்து சூட்டை இழுக்கும் ஹீட் பம்ப் வகை மட்டும் உண்மையிலேயே மின்சாரத்தை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்கும். விலை அதிகம் என்பதால் பெரிய குடும்பங்களுக்கும் விடுதிகளுக்கும்தான் கட்டுப்படியாகும்.

அறைகளில் தங்குபவர்களின் துணை, வாளிக்குள் போடும் ஹீட்டர் ராடு. அதற்கும் அதே அரை யூனிட்தான். மின்சாரம் மிச்சமில்லை, ஆபத்து மட்டும் கூடுதல். ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரில் விரல் வைக்க வேண்டும். 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி இல்லாத வீட்டில் ராடு வேண்டவே வேண்டாம். காஸ் கெய்சரை ஜன்னல் இல்லாத குளியலறைக்குள் மாட்டுவதும் அப்படித்தான். வாசனையே இல்லாத கார்பன் மோனாக்ஸைடு உயிரைக் குடித்துவிடும்.

செலவே இல்லாத வழி ஒன்றும் இருக்கிறது. அதிகாலையில் டேங்க் தண்ணீர் 18 டிகிரி என்றால், வெயில் பட்ட மாலையில் 27 டிகிரி வரை இருக்கக்கூடும். 40-க்குக் கொண்டுவர காலையில் 22 டிகிரி ஏற்ற வேண்டும். மாலையில் 13 மட்டும். மின்சாரத்தில் 40 சதவிகிதம் குறைவு. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் குளிப்பவர்கள் தெரியாமலே இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

மீட்டர் விஷயத்துக்கு வருவோம். மாதாந்திரக் கணக்கெடுப்பு 2021 சட்டமன்றத் தேர்தல் வாக்குறுதிகளில் ஒன்று. ஸ்மார்ட் மீட்டர்களோடு அதை முடிச்சுப் போட்டுப் பேசியே ஆண்டுகள் ஓடின. எனவே, ரீடிங் எடுத்த தேதியையும் எண்ணையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 45-வது நாள் மீட்டரைப் பாருங்கள். அன்றைய எண்ணிலிருந்து பழைய எண்ணைக் கழித்தால் 375 வருகிறதா? இதே வேகத்தில் போனால் 60-வது நாள் சரியாக 500. அதற்கு மேல் வந்தால், மீதமுள்ள 15 நாளில் எத்தனை வாளி குறைக்க வேண்டும் என்பதை அரை யூனிட் கணக்கில் வீட்டிலேயே போட்டுவிடலாம். 390 என்றால் 60-வது நாள் 520. மிஞ்சும் 20 யூனிட்டுக்கு 40 வாளி. நாளுக்கு மூன்று வாளிக்கும் குறைவு. அந்தப் பதினைந்து நாள் மாலைக் குளியலுக்கு மாறினாலே பாதிக்கு மேல் தேறிவிடும். மிச்சத்துக்கு ஞாயிற்றுக்கிழமை அயர்ன் பாக்ஸைக் கொஞ்சம் ஓய்வெடுக்க விடலாம்.